பனியாற்றுக்கு மூட்டை கட்டுவோம்!



பெண்ணாடம் ரயில் நிலையத்தின் மஞ்சள் பெயர்ப்பலகையை உற்றுப் பார்த்திருக்கிறீர்களா? ஊர்ப் பெயருக்குக் கீழே, அந்த இடம் கடல் மட்டத்திலிருந்து எவ்வளவு உயரம் என்று சிறிய எழுத்தில் குறித்திருப்பார்கள். அந்த எண் நூறு மீட்டரைக்கூட எட்டாது. வெள்ளாற்றங்கரைச் சமவெளியில் பிறந்து வளர்ந்த நம் உடல், இந்த உயரத்துக் காற்றுக்கே பழகியது.

இப்போது ஒரு கற்பனை செய்வோம். பெண்ணாடத்துப் பள்ளி ஒன்றின் மாணவர் பத்துப் பேர், ஆசிரியர்களுடனும் பயிற்சி பெற்ற வழிகாட்டியுடனும் கோமுகம் காணப் புறப்படுகிறார்கள். கோமுகம் என்பது இமயமலையில் கங்கோத்திரிப் பனியாறு முடியும் இடம். சுமார் 30 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பனியாற்றின் வாயிலிருந்துதான் பாகீரதி நதி பிறக்கிறது. கடல் மட்டத்திற்கு மேல் அதன் உயரம் ஏறத்தாழ 4,000 மீட்டர். இந்தக் குழு என்னென்ன எடுத்துச் செல்ல வேண்டும்? ஒவ்வொரு பொருளுக்கும் பின்னால் ஒரு விஞ்ஞான விதி இருக்கிறது. அவற்றைக் காண்போம்.

முதல் பொருள்: நாட்கள்

வியப்பாக இருக்கிறதா? பையில் அடைக்க முடியாத இந்தப் பொருளைத்தான் முதலில் எடுத்து வைக்க வேண்டும்.

கடல் மட்டத்தில் வளிமண்டல அழுத்தம் சுமார் 1,013 மில்லிபார். 4,000 மீட்டர் உயரத்தில் அது சுமார் 616 மில்லிபார்தான். இரண்டு இடங்களிலும் காற்றில் பிராணவாயுவின் பங்கு ஒன்றே. நூற்றுக்கு 21 பங்கு. ஆனால் அழுத்தம் குறைவதால், ஒரு மூச்சில் நம் நுரையீரலுக்குள் செல்லும் பிராணவாயு ஊரில் கிடைப்பதில் ஐந்தில் மூன்று பங்கே ஆகும்.

இந்தப் பற்றாக்குறையை உடல் சமாளித்துக் கொள்ளும். மூச்சு வேகமாகும், இதயம் விரைந்து துடிக்கும், நாட்கள் செல்லச் செல்ல இரத்தச் சிவப்பணுக்கள் பெருகும். ஆனால் இதற்கு அவகாசம் வேண்டும். அவகாசம் தராமல் ஏறினால் மலை நோய் வருகிறது. தலைவலி, குமட்டல், பசியின்மை, தலைசுற்றல், தூக்கமின்மை ஆகியவை அதன் அடையாளங்கள். முற்றினால் நுரையீரலிலோ மூளையிலோ நீர் கோத்து உயிருக்கே ஆபத்தாகும்.

மலையேறுவோர் பின்பற்றும் விதி இது: 3,000 மீட்டருக்கு மேல், முந்தைய இரவு தூங்கிய இடத்தைவிட 500 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் அடுத்த இரவு தூங்கக் கூடாது. மூன்று நான்கு நாட்களுக்கு ஒரு நாள் ஓய்வும் வேண்டும். பகலில் எவ்வளவு ஏறினோம் என்பதைவிட இரவில் எங்கே தூங்கினோம் என்பதே முக்கியம்.

ஹரித்துவாரிலிருந்து நம் குழுவின் திட்டத்தைப் பாருங்கள் (உயரங்கள் ஏறத்தாழ):

முதல் இரவு – உத்தரகாசி, 1,150 மீட்டர்
2-ஆம் இரவு – ஹர்சில், 2,600 மீட்டர்
3-ஆம் இரவு – கங்கோத்திரி, 3,100 மீட்டர்
4-ஆம் இரவு – மீண்டும் கங்கோத்திரி. பகலில் சற்று மேலே நடந்து, திரும்பி வந்து தூங்குதல்
5-ஆம் இரவு – போஜ்வாசா, 3,800 மீட்டர் (14 கி.மீ. நடை)
6-ஆம் இரவு – கோமுகம் (4 கி.மீ.) பார்த்துவிட்டுத் திரும்பி, மீண்டும் போஜ்வாசா
7-ஆம் இரவு – கங்கோத்திரி

கங்கோத்திரியிலிருந்து போஜ்வாசாவுக்கு ஒரே நாளில் 700 மீட்டர் ஏற வேண்டியிருக்கிறது. விதியை மீறுகிறதே என்று கேட்பீர்கள். அதனால்தான் கங்கோத்திரியில் இரண்டு இரவுகள்! 700 மீட்டரை இரண்டு இரவுகளுக்குப் பங்கிட்டால் இரவுக்கு 350 மீட்டரே ஆகும். நான்காம் நாளை ‘வீண் நாள்’ என்று எண்ணி நீக்கிவிட்டால் இந்தக் கணக்கு உடைந்துவிடும். மழையாலோ மண்சரிவாலோ தடை வந்தால் சமாளிக்க, மேலும் ஓர் உபரி நாள் கையில் இருக்கட்டும்.

மே–ஜூன், செப்டம்பர்–அக்டோபர் ஆகியவை ஏற்ற மாதங்கள். இடையில் உள்ள பருவமழைக் காலத்தைத் தவிர்க்க வேண்டும். 2025 ஆகஸ்டு 5 அன்று, இதே பாதையில் ஹர்சிலுக்கு அருகிலுள்ள தராலி என்னும் சிற்றூரைத் திடீர் வெள்ளமும் சேறும் மூடியதை நினைவில் கொள்க. கோமுகம் தேசியப் பூங்காவிற்குள் இருப்பதால் முன் அனுமதியும் பெற வேண்டும்.

இரண்டாம் பொருள்: உடை

சித்திரை வெயிலில் பருத்திப் பனியன் நமக்கு எவ்வளவு இதமாக இருக்கிறது! அது வியர்வையை உறிஞ்சுகிறது. ஒரு கிராம் வியர்வை ஆவியாகும்போது சுமார் 2,400 ஜூல் வெப்பத்தை உடலிலிருந்து எடுத்துச் செல்கிறது. நமக்குக் குளிர்ச்சி.

பெண்ணாடத்தில் நன்மை செய்யும் இந்தக் குணமே பனிமலையில் பகையாகிறது. நனைந்த பருத்தி எளிதில் உலராது. காற்றைவிடத் தண்ணீர் ஏறத்தாழ 25 மடங்கு விரைவாக வெப்பத்தைக் கடத்தும். ஈரத்துணி உடலை ஒட்டியிருக்க, குளிர்காற்றும் வீசினால், உடலின் உட்புற வெப்பநிலை 35 டிகிரி செல்சியசுக்குக் கீழே இறங்கிவிடலாம். அப்போது நடுக்கம், தடுமாற்றம், குழறல், மயக்கம் என்று நிலைமை மோசமாகும்.

இது வெறும் அச்சுறுத்தல் அன்று. 2024 ஜூன் மாதத் தொடக்கத்தில், நம் ஊரில் அக்கினி நட்சத்திரம் முடிந்து சில நாட்களே ஆகியிருந்தபோது, உத்தரகாசிப் பகுதியில் சகஸ்திர தால் என்னும் ஏரிக்குச் சென்ற கர்நாடகக் குழுவினரில் 9 பேர் பனிப்புயலில் சிக்கி இறந்தார்கள். கோடைக்காலம் என்பது மலையில் பாதுகாப்புச் சீட்டு ஆகாது.

ஆகவே மூன்று அடுக்காக உடுத்த வேண்டும். உள்ளே, வியர்வையை விரைவில் வெளியேற்றும் பாலியெஸ்டர் அல்லது மெல்லிய கம்பளிச் சட்டை. நடுவில், காற்றைச் சிறைப்படுத்தி வைக்கும் ஸ்வெட்டர். வெளியே, மழையையும் காற்றையும் தடுக்கும் மேலங்கி. ஏறும்போது ஒன்றைக் கழற்றலாம், நிற்கும்போது போட்டுக்கொள்ளலாம். ஒரே தடித்த கோட்டில் இந்த வசதி இல்லை. தூங்குவதற்கென ஒரு ஜோடி உலர்ந்த உடையும் காலுறையும் பாலிதீன் பையில் பத்திரமாக இருக்கட்டும்.

மூன்றாம் பொருள்: உணவும் நீரும்

4,000 மீட்டரில் தண்ணீர் சுமார் 87 டிகிரியிலேயே கொதித்துவிடும். எவ்வளவு எரித்தாலும் திறந்த பாத்திரத்தில் அதற்கு மேல் சூடேறாது. அரிசி அரைவேக்காடாக நிற்கும். பருப்பு வேகவே வேகாது. பிரஷர் குக்கர் அங்கே அவசியம்.

நாள் முழுவதும் மலையேறுபவருக்கு 3,500 கலோரியோ அதற்கு மேலோ உணவு தேவைப்படலாம். தங்குமிடத்தில் கிடைக்கும் உணவோடு, பையிலும் கொஞ்சம் வேண்டும். இங்கே நம் ஊர்த் தின்பண்டம் கைகொடுக்கிறது. நூறு கிராம் சோற்றில் சுமார் 130 கலோரிதான். மீதியில் பெரும்பகுதி தண்ணீர். நூறு கிராம் கடலைமிட்டாயில் ஏறத்தாழ 500 கலோரி! மூன்று நாள் நடைக்கு 1,200 கிராம் எடுத்துக்கொண்டால் 6,000 கலோரி, நாளுக்கு 2,000. அவல், சத்துமாவு, பேரீச்சம்பழம் ஆகியவையும் ஏற்றவை.

தாகம் தோன்றாவிட்டாலும் நாளுக்கு மூன்று நான்கு லிட்டர் நீர் பருக வேண்டும். வறண்ட காற்றில் விரைந்து மூச்சுவிடும்போது, ஒவ்வொரு மூச்சிலும் உடல் நீரை இழக்கிறது.

நான்காம் பொருள்: கறுப்புக் கண்ணாடி

இதை அலங்காரம் என்று எண்ணாதீர்கள். ஒவ்வோர் ஆயிரம் மீட்டர் ஏறும்போதும் புற ஊதாக் கதிர்களின் வலிமை சுமார் பத்து சதவீதம் கூடுகிறது. புதிய பனியோ தன்மேல் விழும் ஒளியில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்புகிறது. கண்ணாடி அணியாமல் பனிமேல் சில மணி நேரம் நடந்தால், கண்ணில் மணல் கொட்டியது போல் உறுத்தி, பார்வை தற்காலிகமாக மறையலாம். இதுவே ‘பனிக் குருடு’.

இனி எடை போடுவோம்

முதுகுச் சுமை நம் உடல் எடையில் கால் பங்கைத் தாண்டக் கூடாது. 50 கிலோ எடையுள்ள மாணவருக்கு வரம்பு 12.5 கிலோ.

முதுகுப்பை – 1.8 கிலோ
தூங்கும் பையும் விரிப்பும் – 2.2
மாற்று உடைகள் – 3.0
மழை மேலங்கி – 0.7
தின்பண்டம் – 1.2
நீர் 2 லிட்டர், பாட்டிலுடன் – 2.3
டார்ச், முதலுதவி, கண்ணாடி முதலியன – 0.8
மொத்தம் – 12.0 கிலோ

மிச்சம் அரைக் கிலோதான்! ‘இதையும் வைத்துக்கொள்வோமே’ என்று எதையாவது எடுக்கும்போது இந்தக் கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள். கனமான பொருள்களைப் பையின் நடுவில், முதுகை ஒட்டி அடுக்கினால் பாரம் பின்னால் இழுக்காது.

பனியாற்றின் முகத்தில்

பனியாறு அசையாத கட்டி அன்று. தன் எடையாலேயே அது மெல்ல நகர்கிறது. நகரும்போது ஆழமான பிளவுகள் உண்டாகும். அவற்றைப் புதுப்பனி மூடி மறைத்திருக்கும். எனவே கோமுகத்திற்கு அப்பால் பனியாற்றின்மேல் நடப்பது, கயிறும் பனிக்கோடரியும் கையாளப் பயின்ற வழிகாட்டியுடன் மட்டுமே. கோமுகத்தில் பனிப்பாளங்கள் திடீரெனச் சரிந்து விழும். வாயருகே செல்லாமல் தள்ளி நின்று பார்க்க வேண்டும். வெயில் ஏற ஏறப் பனி உருகி ஓடைகள் பெருகும். ஆகையால் ஓடைகளைக் காலையிலேயே கடந்துவிடுவது நல்லது.

ஊரில் செய்யும் பயிற்சி

வெள்ளாற்று மணலில் சுமையோடு நடப்பது, ரயில் நிலைய மேம்பாலப் படிகளில் ஏறி இறங்குவது, விடுமுறையில் கல்வராயன் மலைக்குச் செல்வது ஆகியவை கால்களை வலுப்படுத்தும். சமவெளியில் பிறந்தவர்களால் முடியுமா என்ற ஐயம் வேண்டாம். விருதுநகர் மாவட்டத்தைச் சேர்ந்த முத்தமிழ்செல்வி 2023 மே 23 அன்று எவரெஸ்ட் உச்சியை அடைந்தார்.

ஆனால் ஒன்றை மறவாதீர்கள். கால் வலிமை மலை நோயைத் தடுக்காது. வகுப்பின் சிறந்த ஓட்டக்காரருக்கும் அது வரலாம். விரைந்து ஏறுவதால் அவருக்கே முதலில் வரவும் கூடும். தலைவலியை மறைக்காமல் உடனே சொல்லுவதே வீரம். தலைவலி தீரும் வரை மேலே ஏறக் கூடாது. ஓய்விலும் மூச்சு வாங்கினாலோ, நேர்க்கோட்டில் குதிகாலும் விரலும் சேர அடிவைத்து நடக்க முடியாவிட்டாலோ, இரவானாலும் அவரைத் துணையுடன் கீழே இறக்க வேண்டும். ஒருவர் இறங்கினால் பயணம் கெட்டதாகாது. கோமுகம் அடுத்த ஆண்டும் அங்கேயே இருக்கும்.

செய்து பாருங்கள்

ஊசி நீக்கிய பெரிய சிரிஞ்சில் கால் பாகம் வெந்நீர் எடுங்கள் (கை பொறுக்கும் சூட்டைவிடச் சற்றுக் கூடுதலாக இருக்கட்டும், பெரியவர் உடனிருக்க). உள்ளேயுள்ள காற்றை வெளியேற்றி, வாயை நன்றாக அடைத்து, தண்டைப் பின்னால் இழுங்கள். அடுப்பில்லாமலே நீர் கொதிப்பதைக் காண்பீர்கள். ஏன்?

கணக்கிடுங்கள்

1. ஆயிரம் மீட்டருக்கு 6.5 டிகிரி வீதம் வெப்பநிலை குறைகிறது. ஹரித்துவாரின் உயரம் 300 மீட்டர் எனக் கொண்டால், அங்கே 36 டிகிரி இருக்கும்போது 4,000 மீட்டரில் எவ்வளவு இருக்கலாம்?

2. உங்கள் எடைக்கு உரிய சுமை வரம்பு என்ன? மேலே உள்ள பட்டியலில் எதைக் குறைப்பீர்கள், எதைக் குறைக்க மாட்டீர்கள்?

3. ஒரு குழு 3,000 மீட்டரில் தூங்குகிறது. 4,400 மீட்டரில் தூங்க வேண்டுமானால், இடையில் குறைந்தது எத்தனை இரவுகள் தங்க வேண்டும்?