கோத்தகிரியில் பழுப்புக் கரடியா?

கோத்தகிரி தேயிலைத் தோட்டத்தில் பழுப்பு நிறக் கரடி ஒன்றைப் பார்த்தோம். கரடி என்றால் கறுப்புதானே? இது வேறு இனமா?
– வாசகர், ஜெயங்கொண்டம்

இனம் ஒன்றுதான், நீங்கள் பார்த்தது நம்மூர் தேன்கரடிதான். இமயமலைப் பழுப்புக் கரடி இத்தனை தூரம் வராது. தேன்கரடிக்குப் பெரும்பாலும் கறுப்பு முடிதான். ஆனால் செம்பட்டை கலந்தும், அபூர்வமாகப் பழுப்பாகவும் இருப்பதுண்டு. கறையான் புற்றைக் கிளறிவிட்டு வந்தால் செம்மண் பூச்சு வேறு! நிறத்தை விடுங்கள், நெஞ்சைப் பாருங்கள்: ஆங்கில 'வி' போல வெளிர் பட்டை இருந்தால் தேன்கரடி.

அமெரிக்கக் கறுங்கரடி இன்னும் வேடிக்கை. பழுப்பிலும் பொன்னிறத்திலும்கூட உண்டு. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் கறுப்புப் பெற்றோருக்கே வெள்ளைக் குட்டி பிறக்கும். இருவரிடமும் ஒளிந்திருக்கும் மரபணு குட்டியிடம் சேர்ந்தால் போதும். தாய்க்கரடியை யாரும் சந்தேகப்பட வேண்டாம்!