நீர்த்தேக்கத்தின் அடிவண்டலும் நம் உடல்நலமும்

நீர் தெளிந்திருந்தால் அது தூயது என்று நாம் எண்ணுகிறோம். திண்டிவனத்தை அடுத்த வீடூர் அணையாயினும் சிற்றூர் ஏரியாயினும், மேலே உள்ள நீர் மழைக்கு மழை மாறும். அடியில் படியும் வண்டலோ பல்லாண்டுகள் தங்கும்.

ஈயம், காட்மியம், பாதரசம் முதலிய உலோகங்கள் நீரில் கலந்தால், பெரும்பகுதி களிமண் துகள்களையும் மட்கிய பொருள்களையும் பற்றிக்கொண்டு அடியில் படிகிறது. அவை உணவுக் கழிவைப் போலச் சிதைந்து மறைவதில்லை. ஆகவே நீரில் குறைவாகக் காணப்படும் உலோகம் வண்டலில் மிகுந்திருக்கலாம்.

இதற்குத் தமிழ்நாட்டிலேயே சான்று உண்டு. கொடைக்கானல் ஏரி 1863ஆம் ஆண்டில் உருவாக்கப்பட்ட செயற்கை ஏரி. அவ்வூரில் இந்துஸ்தான் லீவர் நிறுவனத்தின் வெப்பமானித் தொழிற்சாலை இயங்கிவந்தது. பாதரசம் படிந்த கண்ணாடிக் கழிவு பழைய பொருள் கிடங்கொன்றில் கண்டறியப்பட்டபின், 2001இல் அது மூடப்பட்டது. 2006இல் வெளியான ஆய்வொன்று, ஏரியின் நீர், வண்டல், மீன் ஆகிய மூன்றிலும் பாதரசம் இருந்ததைக் காட்டியது.

வண்டலில் உள்ளது மீனுக்கு எவ்வாறு செல்கிறது? உயிர்வளி குறைந்த சேற்றில் வாழும் பாக்டீரியாக்கள் பாதரசத்தை மெத்தில் பாதரசமாக மாற்றுகின்றன. புழுவிலிருந்து சிறு மீனுக்கும், சிறு மீனிலிருந்து பெரிய மீனுக்கும் செல்லுந்தோறும் அதன் செறிவு கூடுகிறது. கருவுற்ற பெண்ணின் உடலில் சேர்ந்தால் அது நச்சுக்கொடியைக் கடந்து சிசுவின் மூளையைத் தாக்கும். ஜப்பானின் மினமாட்டாவில் 1956இல் கண்டறியப்பட்ட நோய் இதற்குத் துயரமான சான்று.

நோயாளிகளும் உடனிருந்து பேணுவோரும் அறிய வேண்டியவை:

1. நீரைக் கொதிக்கவைத்தால் கிருமிகள் அழியும், உலோகம் நீங்காது. ஐயமிருப்பின் நீரை ஆய்வகத்தில் சோதித்தறிக.

2. மீன் நல்ல உணவு. அஞ்சி விலக்க வேண்டா. மத்தி, நெத்திலி போன்ற சிறு மீன்களில் பாதரசம் பொதுவாகக் குறைவு. பால் சுரக்கும் என்று பிள்ளை பெற்ற தாய்க்குச் சுறாப்புட்டு கொடுக்கும் வழக்கம் நம்மிடையே உண்டு. சுறா பிற மீன்களை உண்டு வாழ்வதாகையால் அதில் பாதரசம் மிகுதி. கருவுற்றோரும் பாலூட்டுவோரும் அதைத் தவிர்ப்பது நன்று. சமைப்பதால் பாதரசம் குறையாது.

3. வீட்டில் பாதரச வெப்பமானி உடைந்தால் குழந்தைகளை அப்புறப்படுத்திச் சன்னல்களைத் திறந்து வையுங்கள். துடைப்பத்தால் பெருக்காதீர்கள். கையுறை அணிந்து, தடித்த அட்டையால் துளிகளைத் திரட்டி, இறுக மூடும் புட்டியில் இடுங்கள். கழுவுதொட்டியில் ஊற்றவோ குப்பையில் எறியவோ வேண்டா. எங்கு ஒப்படைப்பது என மருத்துவமனைப் பணியாளரைக் கேளுங்கள்.

4. சிறுநீரக நோயுள்ளோர், ஈயமோ பாதரசமோ கலந்திருக்கக்கூடிய மருந்துகளை மருத்துவரைக் கேளாமல் உட்கொள்ளலாகாது. உட்கொண்டிருந்தால் மறைக்காமல் கூறுங்கள். சிகிச்சைக்கு அது உதவும்.

சாக்கடையில் நாம் விடும் ஒரு துளியும் ஏதோ ஓர் ஏரியின் அடியைச் சென்று சேரும். அங்கே அது மறைவதில்லை. நம் பிள்ளைகளின் உணவுத்தட்டுக்குத் திரும்பி வரக்கூடும். வெப்பமானியைக் கவனமாகக் கையாள்வதும் ஏரியைக் காக்கும் பணியே ஆகும்.