லாரி நுழையும் வாசலும் ஆள் தப்பும் வழியும்

திருச்சி காந்தி மார்க்கெட்டைச் சுற்றியுள்ள குடோன்களில் தீ விபத்தைப் பற்றிய பேச்சு எழுந்தால், தவறாமல் வரும் பதில் ஒன்று உண்டு: “லாரியே உள்ளே வருகிற ஷட்டர் இருக்கிறது, நாலு ஆள் வெளியே ஓட முடியாதா?” வெங்காய மண்டி முதல் கீழப்புலிவார்டு ரோட்டு மளிகைக் கிடங்கு வரை இதைச் சொல்லாதவர் குறைவு. ஆள் உயிரை வைத்து ஆடும் நம்பிக்கை இது. பின்கதவின் முன்னால் மூட்டை அட்டி ஏறுவது இந்தத் தைரியத்தில்தான்.

வாசல் எவ்வளவு அகலம் என்பது இரண்டாவது கேள்வி. எத்தனை வாசல், எதிரெதிர்த் திசையில் இருக்கின்றனவா என்பதே முதல் கேள்வி. மீட்டர் பலகை, சார்ஜில் போட்ட வண்டி, இறக்கி வைத்த அட்டைப்பெட்டிகள் எல்லாம் ஷட்டரை ஒட்டியே இருக்கும். தீ அங்கே பிடித்தால் இருபது அடி வாசலும் ஓர் அடிக்கு ஆகாது. மின்சாரம் போனால் மோட்டார் ஷட்டர் நின்றுவிடும். வெப்பத்தில் தகடு நெளிந்தால் கையாலும் தூக்க முடியாது. இதனால்தான் தேசியக் கட்டட விதித்தொகுப்பு, மேலே ஏறும் கதவையும் பக்கவாட்டில் நகரும் கதவையும் தப்பும் வழியாக ஏற்பதில்லை. வெளிப்புறமாகத் திறக்கும், உள்ளிருந்து சாவி இல்லாமல் திறக்கும், குறைந்தது ஒரு மீட்டர் அகலமுள்ள கதவையே அது கேட்கிறது.

இதற்குச் சாட்சி தேடித் தொலைவு போக வேண்டாம். காவிரிக்கு அந்தப் பக்கம், ஸ்ரீரங்கத்தில், 2004 ஜனவரி 23 அன்று திருமண மண்டபத் தீயில் மணமகன் உட்பட ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பந்தல் எரிந்த வேகத்துக்கு மாடியிலிருந்து இறங்கும் வழி ஈடுகொடுக்கவில்லை. டெல்லி அனாஜ் மண்டியில் 2019 டிசம்பர் 8 விடியற்காலையில் 43 பேர் இறந்தார்கள். சரக்கு அடைத்த கட்டடத்துக்குள் தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் அவர்கள். பெரும்பாலோரைக் கொன்றது புகை. இரண்டு இடத்திலும் ஊர் அறிந்த வாசல் இருக்கத்தான் செய்தது.

ரேக் போட்ட குடோனில் இந்த ஆபத்து இன்னும் கூடும். அடுக்குகளுக்கு இடையிலுள்ள சந்து புகைபோக்கியைப் போல வேலை செய்து நெருப்பை மேலே இழுக்கும். கூரையைத் தொட்ட புகை பரவி, பிறகு தலைமட்டத்துக்கு இறங்கும். “இரும்பு ரேக் எரியாதே” என்பதும் அரைகுறைப் பேச்சு. 550 டிகிரி செல்சியஸ் அளவில் இரும்பு ஏறத்தாழ பாதி வலுவை இழந்துவிடுகிறது. மெல்லிய தகட்டில் செய்த கால்கள் மடங்கினால், ஓட வேண்டிய நடைவழியிலேயே சரக்கு சரியும்.

தூரத்தையும் ரேக்கைப் போட்ட பிறகே அளக்க வேண்டும். கிடங்குகளில் தப்பும் கதவுக்கு நடை தூரம் 30 மீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பது விதித்தொகுப்பின் கணக்கு. 100 அடி நீளக் குடோன் காலியாக இருக்கும்போதே அந்த எல்லையைத் தொட்டுவிடுகிறது. ரேக் வந்த பிறகு மூலையில் நிற்பவர் முதலில் பக்கவாட்டில் நடந்து, பிறகுதான் வாசலை நோக்கித் திரும்ப முடியும். வரைபடத்தில் நேர்க்கோடு போட்டு அளப்பவர் தன்னையே ஏமாற்றிக்கொள்கிறார். ரேக்கைப் பின்சுவரோடு ஒட்டிப் போட்டால் ஒவ்வொரு நடைவழியும் முட்டுச்சந்தாகிவிடும். சுவருக்கும் ரேக்குக்கும் நடுவே ஆள் நடக்க இடம் விட வேண்டும். நீளமான வரிசையின் நடுவில் தரைமட்டத்தில் ஓர் அறையைக் காலியாக விட்டு, அதன் மேல் பலகை அடித்துக் குறுக்குவழி ஆக்க வேண்டும். இரண்டு மூட்டைக்கான இடத்துக்காக அதை நிரப்புவது மன்னிக்க முடியாத பேராசை.

மற்றவற்றுக்கு இவ்வளவு பேச வேண்டியதில்லை. வெங்காயம் எரியாது என்பார்கள். வெங்காயம் இருக்கும் பிளாஸ்டிக் வலைப்பை எரியும். வற்றல் மிளகாய் கருகினால் கண்ணைத் திறக்கவே முடியாது. தீயணைப்பான் உருளை சிறு தீக்கு உதவும். மேலடுக்குக்கு ஏறிய தீயோடு மல்லுக்கட்ட அது போதாது. பின்கதவு வைத்தால் திருட்டு நடக்கும் என்ற பயத்துக்கும் வழி உண்டு: வெளியே கைப்பிடி இல்லாத கதவு, உள்ளே தள்ளினால் திறக்கும் கம்பி, திறந்தால் ஒலிக்கும் மணி. பூட்டுப் போடுவது இதற்கு மாற்றாகாது.

கதவு மட்டும் இருந்தால் போதாது, அது திறக்கும் சந்தும் திறந்திருக்க வேண்டும். பழைய கடைத்தெருக்களின் பின்சந்துகளில் காலிக் கூடைகளையும் தகரக் கொட்டகைகளையும் விட்டுவைப்பது ஊர் தனக்குத்தானே செய்துகொள்ளும் கேடு. மாநகராட்சி முன்தெருவில் காட்டும் கெடுபிடியில் பாதியையாவது அங்கே காட்ட வேண்டும். சந்தில் தட்டுமுட்டுச் சாமான் நிற்கும்வரை எந்தக் குடோனின் பின்கதவையும் தப்பும் வழியாகக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

தரையில் மஞ்சள் கோடு, பேட்டரியில் எரியும் விளக்கு, புகைக்குக் கீழே தெரியும்படி தாழ்வாக வைத்த வழிகாட்டிப் படம் ஆகியவை கட்டாயம். பரணில் யாரையும் தூங்கவிடக் கூடாது. பயிற்சியை முதலாளி பார்க்கப் பகலில் நடத்திப் பயனில்லை. சரக்கு இறங்கும் இரவு நேரத்தில், லோடுமேன்களை வைத்து, பெரிய விளக்குகளை அணைத்து, ஷட்டரை மூடி நடத்த வேண்டும். யார் எங்கே தடுக்கி நின்றாரோ, அந்த இடத்துச் சரக்கை மறுநாள் லோடு வருவதற்கு முன் அகற்றிவிட வேண்டும்.