சொல்லுக்குச் சொல் போதுமா?

தமிழையும் ஆங்கிலத்தையும் பள்ளியில் பயிலும் மாணவர்கள் நாள்தோறும் மொழிபெயர்க்கிறார்கள். ஆங்கிலத்தில் வந்த அறிவிப்பைத் தாத்தாவுக்குத் தமிழில் எடுத்துரைப்பதும் மொழிபெயர்ப்பே. ஆங்கிலத்தில் தோன்றிய கருத்தைத் தமிழ்க் கட்டுரையில் எழுதுவதும் மொழிபெயர்ப்பே. அவ்வேளைகளில் ‘ஐ டுக் த பஸ்’ என்பதைச் சிலர் ‘நான் பேருந்தை எடுத்தேன்’ என்று எழுதிவிடுகின்றனர். ஒவ்வொரு சொல்லுக்கும் அகராதியில் பொருள் உண்டு. ஆயினும், பேருந்தை யாரும் கையில் எடுப்பதில்லை. ‘பேருந்தில் சென்றேன்’ என்பதே தமிழ் மரபு.

இப்பிழைக்குக் காரணம் சொல்வளக் குறைவு அன்று. சொற்களைத் தனித்தனியே பார்ப்பதுதான். சொற்கள் கூட்டமாக நின்றே பொருள் தருகின்றன. அக்கூட்டத்தைச் சொற்றொடர் என்கிறோம். இரு மொழிகளிலும் சொற்றொடர்கள் எவ்வாறு அமைகின்றன என்பதை இப்பாடத்தில் காண்போம்.

சொற்றொடர் என்பது யாது?

ஒரு வாக்கியத்திற்குள் ஒரே உறுப்பாக நின்று செயல்படும் சொற்கூட்டமே சொற்றொடர். அதனைக் கண்டறிய ஓர் எளிய வழி உண்டு. கூட்டத்தை எடுத்துவிட்டு, அதன் இடத்தில் ஒரே ஒரு சொல்லை வைத்துப் பாருங்கள். வாக்கியம் குலையாமல் நின்றால் அது சொற்றொடர்.

‘அண்டை வீட்டு முதியவர் சிரித்தார்’ என்னும் வாக்கியத்தில் முதல் மூன்று சொற்களை நீக்கி, ‘அவர்’ என்று போடலாம். ‘அவர் சிரித்தார்’ என வாக்கியம் நிறைவாக நிற்கிறது. எனவே, ‘அண்டை வீட்டு முதியவர்’ என்பது ஒரு சொற்றொடர். ஆனால், ‘வீட்டு முதியவர் சிரித்தார்’ என்னும் மூன்று சொற்களுக்கு ஈடாக ‘அவர்’ என்று வைத்தால் ‘அண்டை அவர்’ என்று ஆகிவிடும். அடுத்தடுத்து நிற்பதால் மட்டும் சொற்கள் ஒரு கூட்டமாகிவிடா என்பது இதனால் விளங்கும்.

ஆங்கிலத்தின் ஐவகைச் சொற்றொடர்கள்

ஆங்கில இலக்கணத்தில் பொதுவாக 5 வகைச் சொற்றொடர்களைக் கற்கிறோம். அவை பெயர்த்தொடர், வினைத்தொடர், பெயரடைத்தொடர், வினையடைத்தொடர், முன்னிடைத்தொடர் என்பன. பின்வரும் வாக்கியத்தில் அவற்றுள் நான்கைக் காணலாம்.

‘மை ஓல்ட் நெய்பர் வாஸ் வெயிட்டிங் வெரி பேஷண்ட்லி நியர் த பஸ் ஸ்டாப்.’

இதில் ‘மை ஓல்ட் நெய்பர்’ என்பது பெயர்த்தொடர். ‘வாஸ் வெயிட்டிங்’ என்பது வினைத்தொடர். எவ்வாறு காத்திருந்தார் என்பதைக் கூறும் ‘வெரி பேஷண்ட்லி’ என்பது வினையடைத்தொடர். ‘நியர் த பஸ் ஸ்டாப்’ என்பது முன்னிடைத்தொடர். ‘நியர்’ போன்ற சொல் பெயருக்கு முன்னால் நிற்பதால் அப்பெயர் அமைந்தது. ‘ஹி வாஸ் வெரி டயர்ட்’ என்னும் வாக்கியத்தில் அவரது நிலையைக் கூறும் ‘வெரி டயர்ட்’ என்பது பெயரடைத்தொடர்.

முதல் வாக்கியத்தைத் தமிழில் எழுதினால், ‘என் அண்டை வீட்டு முதியவர் பேருந்து நிறுத்தத்தின் அருகில் மிகவும் பொறுமையாகக் காத்துக்கொண்டிருந்தார்’ என அமையும். நான்கு கூட்டங்களும் தமிழில் இருக்கின்றன. அவற்றின் வரிசைதான் மாறியிருக்கிறது. நடுவில் நின்ற வினை இறுதிக்கு வந்துவிட்டது. ஆங்கிலத்தில் பெயருக்கு முன்னால் நின்ற ‘நியர்’, தமிழில் ‘அருகில்’ எனப் பெயருக்குப் பின்னால் நிற்கிறது.

தலைச்சொல் எங்கே?

ஒவ்வொரு சொற்றொடரிலும் மற்றச் சொற்களைத் தாங்கி நிற்கும் ஒரு சொல் உண்டு. அதைத் தலைச்சொல் எனலாம். ‘த புக் ஆன் த டேபிள்’ என்பதில் தலைச்சொல் ‘புக்’. அதை விளக்கும் ‘ஆன் த டேபிள்’ பின்னால் வருகிறது. தமிழில் விளக்கம் முன்னால் வரும். தலைச்சொல் இறுதியில் நிற்கும். ஆகவே, ‘மேசைமேல் உள்ள புத்தகம்’ என்கிறோம்.

தொடர் நீளும்போது இவ்வேறுபாடு இன்னும் தெளிவாகும். ‘த டோர் ஆஃப் த ஹவுஸ் ஆஃப் மை அங்கிள்’ என்று ஆங்கிலத்தில் கதவிலிருந்து தொடங்கி மாமாவிடம் செல்கிறோம். தமிழிலோ ‘என் மாமாவின் வீட்டுக் கதவு’ என்று மாமாவிலிருந்து தொடங்கிக் கதவுக்கு வருகிறோம். நீண்ட ஆங்கிலத் தொடரைத் தமிழாக்கும்போது கடைசிக் கூட்டத்திலிருந்து தொடங்கினால் பெரும்பாலும் வழி கிடைத்துவிடும்.

எதனோடு எது சேரும்?

ஒரு தொடர் எதனோடு சேர்கிறது என்பதைப் பொறுத்துப் பொருள் மாறும். ‘த போலீஸ்மேன் சேஸ்ட் த தீஃப் ஆன் எ பைசிக்கிள்’ என்னும் வாக்கியத்தைப் பாருங்கள். மிதிவண்டியில் இருந்தவர் யார்? முன்னிடைத்தொடர் வினையோடு சேர்ந்தால் காவலர் மிதிவண்டியில் துரத்தினார். ‘தீஃப்’ என்பதோடு சேர்ந்தால் மிதிவண்டியில் சென்றவன் திருடன்.

தமிழில் எழுதுபவர் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும். ‘காவலர் மிதிவண்டியில் விரட்டிச்சென்று திருடனைப் பிடிக்க முயன்றார்’ என்பது ஒரு பொருள். ‘மிதிவண்டியில் சென்ற திருடனைக் காவலர் துரத்தினார்’ என்பது மற்றொரு பொருள். சொற்கள் அனைத்தும் தெரிந்திருந்தாலும், கூட்டத்தைப் பிரிக்கத் தெரியாவிட்டால் தவறான ஆளை மிதிவண்டியில் ஏற்றிவிடுவோம்.

தமிழிலும் இத்தகைய மயக்கம் உண்டு. ‘பழைய புத்தகக் கடை’ என்றால் பழையது கடையா, புத்தகமா? ‘பழைய புத்தகங்களை விற்கும் கடை’ என்று விரித்து எழுதினால் ஐயம் நீங்கும்.

ஓர் ஒற்றின் வேலை

தமிழில் சில வேளைகளில் ஒரே ஒரு மெய்யெழுத்து தொடரின் வகையையே மாற்றிவிடும். ‘தந்த பெட்டி’ என்றால் ஒருவர் கொடுத்த பெட்டி. இங்கே ‘தந்த’ என்பது பெயரெச்சம். அதனை அடுத்து வல்லினம் மிகாது. ‘தந்தப் பெட்டி’ என்றால் யானைத் தந்தத்தால் செய்யப்பட்ட பெட்டி. ‘ஆல்’ என்னும் வேற்றுமை உருபும் ‘செய்யப்பட்ட’ என்னும் சொல்லும் இதில் மறைந்துள்ளன. இவ்வாறு உருபு முதலியன மறைந்து வருவதைத் தொகைநிலைத் தொடர் என்பர். அது வேற்றுமைத்தொகை, வினைத்தொகை, பண்புத்தொகை, உவமைத்தொகை, உம்மைத்தொகை, அன்மொழித்தொகை என 6 வகைப்படும்.

தொகையில் மறைந்திருப்பது எது என்பதை நாம்தான் உணர வேண்டும். ‘மரப்பெட்டி’ என்பது மரத்தால் செய்யப்பட்ட பெட்டி. ‘பணப்பெட்டி’ பணத்தால் செய்யப்பட்டதன்று. பணம் வைக்கும் பெட்டி. 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், ஒரு தொகைநிலைத் தொடர் இரண்டு முதல் ஏழு வரையிலான பொருள்களைத் தந்து மயங்கக்கூடும் என்று குறிப்பிடுகிறது. சொற்கூட்டங்களை ஆராயும் பழக்கம் தமிழ் இலக்கணத்திற்குப் புதியதன்று.

தவறினால் என்ன ஆகும்?

தேர்வில் சொற்றொடரைத் தவறாகப் புரிந்துகொண்டால் மதிப்பெண் குறையலாம். வீட்டில் அதைவிடப் பெரிய விளைவு ஏற்படலாம். பாட்டியின் மருந்து உறையில், ‘டேக் டூ டேப்லெட்ஸ் த்ரீ டைம்ஸ் எ டே ஆஃப்டர் மீல்ஸ்’ என்று அச்சிடப்பட்டிருப்பதாகக் கொள்வோம். அதைப் பேரன், ‘மூன்று வேளைக்கு இரண்டு மாத்திரை’ என்று சொன்னால், பாட்டி நாள் முழுவதற்கும் இரண்டு மாத்திரை என்றே எண்ணக்கூடும். உண்மையில் அவர் சாப்பிட வேண்டியவை 6 மாத்திரைகள்.

அவ்வாக்கியத்தில் மூன்று கூட்டங்கள் உள்ளன. ‘டூ டேப்லெட்ஸ்’ அளவைக் கூறுகிறது. ‘த்ரீ டைம்ஸ் எ டே’ எத்தனை முறை என்பதைக் கூறுகிறது. ‘ஆஃப்டர் மீல்ஸ்’ நேரத்தைக் கூறுகிறது. இவற்றைப் பிரித்தறிந்த பேரன், “பாட்டி, ஒரு நாளைக்கு மூன்று வேளை சாப்பிடணும். ஒவ்வொரு வேளையும் இரண்டு மாத்திரை. சாப்பாட்டுக்குப் பிறகுதான் சாப்பிடணும்” என்பான். இங்கு ‘ஒரு’ என்னும் சொல்லும் தேவை. அதை விட்டு ‘நாளைக்கு மூன்று வேளை’ என்றால், மருந்தை மறுநாள் தொடங்கலாம் என்று பாட்டி நினைத்துவிடலாம்.

ஆகவே, ஒரு வாக்கியத்தை மொழிபெயர்க்கும் முன் அதிலுள்ள கூட்டங்களைப் பிரியுங்கள். ஒவ்வொன்றின் தலைச்சொல்லையும் கண்டறியுங்கள். எது எதனோடு சேர்கிறது என்று பாருங்கள். அதன்பின் தமிழ் மரபுக்கேற்ப வரிசைப்படுத்தி எழுதுங்கள். எழுதியதை ஒருமுறை வாய்விட்டுப் படித்தால், மரபுக்கு ஒவ்வாத தொடரை உங்கள் காதே காட்டிக்கொடுக்கும்.

சிந்தித்து விடை எழுதுக

1. ஒரு சொற்கூட்டம் சொற்றொடரா என்பதை எவ்வாறு கண்டறியலாம்?
2. ‘பெரிய வீட்டுக் கதவு’ என்னும் தொடர் தரும் இரண்டு பொருள்களையும் விரித்து எழுதுக.
3. ‘மலைத்தேன்’, ‘தேன்கூடு’ ஆகிய தொகைகளில் மறைந்துள்ள பொருளை விளக்குக.
4. உங்கள் வீட்டிலுள்ள ஓர் ஆங்கில அறிவிப்பைக் கூட்டங்களாகப் பிரித்து, வீட்டுப் பெரியவருக்குப் புரியும்படி தமிழில் எழுதுக.