எக்ஸெலில் 20 முகப் பகடை

ராஜபாளையத்தில் நீங்கள், ஸ்ரீவில்லிபுத்தூரில் நண்பர். போனில் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' ஆடுகிறீர்கள். எதிரியின் கழுத்தில் சுருக்குக் கயிறு போட முதலில் அவனைப் பிடிக்க வேண்டும் என வைத்துக்கொள்வோம். 2014 விதிப்படி இருவரும் 20 முகப் பகடை உருட்டி, தத்தம் திறன் எண்ணைக் கூட்ட வேண்டும். சமமானால் பிடி விழாது.

பகடை இல்லையா? ஆளுக்கொரு செல்லில் சமக்குறியிட்டு ஆர், ஏ, என் என டைப் செய்யுங்கள். விரியும் பட்டியலில் ராண்ட்பிட்வீனை டபுள் கிளிக் செய்து, 1,20 கொடுத்து, அடைப்பை மூடி என்டர் தட்டுங்கள். எஃப்9 தட்டினால் மறுபடி உருளும். (நண்பருக்கு உங்கள் திரை தெரியாது, ஒரு முறைதான் தட்ட வேண்டும்!)

வேறு செல்லில் எதை டைப் செய்தாலும் இந்த எண்கள் மாறிவிடும். சண்டை வருவது இங்குதான். எனவே இரண்டையும் சேர்த்துக் காப்பி செய்து, பக்கத்துக் காலி செல்லில் பேஸ்ட் ஸ்பெஷல் மூலம் வேல்யூஸ் ஆக ஒட்டிவிடுங்கள். ஒட்டிய எண் மாறாது.