கல்முனைக் கரையிலிருந்து காத்தான்குடி வரை: ஒரு நாள் நினைவு நடை

எங்கள் பகுதியில் பாடசாலைச் சுற்றுலா என்றால் பஸ் கண்டிக்கும் நுவரெலியாவுக்கும்தான் புறப்படும். வீட்டிலிருந்து 40 கிலோமீற்றருக்குள் நடந்தவற்றைப் பிள்ளைகள் அரைகுறையாகக் கேட்டு வளர்கிறார்கள். வாப்பா ஒரு பாதியைச் சொல்வார். மறுபாதி பக்கத்து ஊர் அப்பாவிடம் இருக்கும். இரண்டு பாதியையும் ஒரே நாளில், அவை நடந்த இடங்களிலேயே கேட்க வைக்கும் ஒரு பயணத்தை இளைஞர் கழகமோ பாடசாலையோ எப்படி ஒழுங்கு செய்யலாம் என்பதை இங்கே சொல்கிறேன். காலையில் கரையோரமாக நடக்க வேண்டும், பிறகு வேன்.

ஒரு நிபந்தனை உண்டு. ஒரு சமூகத்தின் நினைவிடத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புவதானால் போக வேண்டாம். 1990 ஓகஸ்ட் மாதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 3ஆம் திகதி வெள்ளிக்கிழமை இரவு, காத்தான்குடியில் இரண்டு பள்ளிவாசல்களில் இஷாத் தொழுகையில் நின்றவர்களை விடுதலைப் புலிகள் சுட்டுக் கொன்றார்கள். 6ஆம் திகதி அட்டாளைச்சேனைப் பக்கம் திராய்க்கேணியில் தமிழர்கள் கொல்லப்பட்டார்கள். 11ஆம் திகதி இரவு ஏறாவூரில் நூற்றுக்கு மேற்பட்ட முஸ்லிம்கள். 12ஆம் திகதி வீரமுனையில் கோயிலில் அடைக்கலம் புகுந்திருந்த தமிழர்கள். பத்தே நாட்கள். இந்தத் திகதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்காதவருக்கு அந்த மாதம் விளங்காது. ஒரு திகதியை மட்டும் தெரிந்து வளர்ந்த பிள்ளைக்கு அது கோபமாகத்தான் தங்கும்.

புறப்படுமுன்

குழு 25 பேருக்கு மேல் வேண்டாம். வழிகாட்டிகள் இருவர் இருக்க வேண்டும், ஒருவர் முஸ்லிம், ஒருவர் தமிழர். பள்ளிவாசலில் நடந்ததைத் தமிழ் வழிகாட்டியும், கோயிலில் நடந்ததை முஸ்லிம் வழிகாட்டியும் சொல்லட்டும். இந்தப் பயணத்தில் எதை விட்டாலும் இதை விடாதீர்கள். தன் ஆட்கள் பட்ட வேதனையைச் சொல்வது எல்லோருக்கும் வரும். தன் பக்கத்தவர் செய்ததாகச் சொல்லப்படுவதை மற்றவரின் முற்றத்தில் நின்று, குரல் தாழாமல் சொல்பவரைப் பிள்ளைகள் மறக்க மாட்டார்கள். இதற்கு மனம் ஒப்பாதவரை வழிகாட்டியாகப் போட வேண்டாம். எவ்வளவு படித்தவராக இருந்தாலும் சரி.

அனுமதியைக் கடிதமாகக் கேளுங்கள். பள்ளிவாசலென்றால் நம்பிக்கையாளர் சபை, கோயிலென்றால் பரிபாலன சபை. கடிதத்தில் மூன்று விடயங்கள் தெளிவாக இருக்கட்டும்: எத்தனை பேர், எத்தனை மணிக்கு, பெண் பிள்ளைகள் எதுவரை உள்ளே வரலாம். கடைசிக் கேள்வியை முன்கூட்டியே கேட்காவிட்டால் வாசலில் வைத்துப் பிள்ளைகள் கூசிப் போவார்கள். கோயிலுக்குள் போக விரும்பாத முஸ்லிம் பிள்ளையையும், பள்ளிக்குள் வரத் தயங்கும் தமிழ்ப் பிள்ளையையும் வற்புறுத்த வேண்டாம். வெளிமுற்றத்தில் நின்று கேட்டாலும் போதும். கிராம உத்தியோகத்தருக்கு ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.

காலம் முக்கியம். மே முதல் செப்டெம்பர் வரை நல்லது, வெயிலுக்குத் தொப்பியும் தண்ணீரும் இருந்தால் சமாளிக்கலாம். நவம்பர், டிசம்பர் வேண்டவே வேண்டாம். காரைதீவிலிருந்து சம்மாந்துறைக்குப் போகும் வழியில் மாவடிப்பள்ளிப் பாதையை வெள்ளம் மூடிவிடும். 2024 நவம்பரில் அங்கேதான் மத்ரசாப் பிள்ளைகள் வந்த உழவு இயந்திரத்தை வெள்ளம் அள்ளிக்கொண்டு போனது. வெள்ளிக்கிழமையும் தவிருங்கள், ஜும்ஆ நேரம் எல்லாத் திட்டத்தையும் குழப்பிவிடும்.

எண்ணிக்கைகளை வைத்து விவாதிக்க வேண்டாம் என்று முதல் நாளே பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள். காத்தான்குடிக்கு 103 என்றும் 147 என்றும் இரண்டு கணக்குகள் எழுதப்பட்டுள்ளன. மற்ற இடங்களுக்கும் அப்படித்தான். வழிகாட்டி ஊரவர் சொல்லும் கணக்கைச் சொல்லி, வேறு கணக்கும் உண்டென்று சேர்த்துச் சொன்னால் போதும்.

காலை: கரையோர நடை

சுபஹுக்குப் பிறகு, வெயில் ஏறுமுன், கல்முனைக் கடற்கரைப் பள்ளிவாசலில் தொடங்குங்கள். நாகூர் ஷாகுல் ஹமீது வலியுல்லாவின் பெயரால் ஆண்டுதோறும் கொடியேறும் இடம் இது. 2004 டிசம்பர் 26 அன்று கடல் இந்தக் கரை முழுவதையும் அடித்துப் போனது. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். போரைப் பற்றிய பயணத்தை ஏன் சுனாமியில் தொடங்க வேண்டும் என்று கேட்பீர்கள். யாரையும் குற்றஞ்சாட்டாமல் எல்லோரும் பேசக்கூடிய துக்கம் இது. மருதமுனைப் பிள்ளையும் பாண்டிருப்புப் பிள்ளையும் தங்கள் வீட்டில் மௌத்தானவர், செத்துப்போனவர் பற்றி ஒருவருக்கொருவர் சொல்லத் தொடங்குவார்கள். அந்தப் பேச்சு வந்த பிறகுதான் அடுத்த இடங்களுக்குப் போக முடியும். நடக்கும்போது இருவர் இருவராக, வேறு வேறு ஊர்ப் பிள்ளைகளாகச் சோடி சேர்த்துவிடுங்கள்.

அங்கிருந்து தெற்கே கரையோரமாக நடந்தால் சாய்ந்தமருது, அதற்கப்பால் காரைதீவு. சாய்ந்தமருதில் சுனாமிக்குப் பிறகு வெனிசுவேலாவின் உதவியில் கட்டிய பொலிவேரியன் வீட்டுத்திட்டம் இருக்கிறது. 2019 ஏப்ரல் 26 இரவு, உயிர்த்த ஞாயிறுக் குண்டுதாரிகளின் உறவினர் ஒளிந்திருந்த வீடு இங்கேதான் இருந்தது. பாதுகாப்புப் படையினர் சுற்றிவளைத்தபோது உள்ளே இருந்தவர்கள் குண்டை வெடிக்க வைத்தார்கள். 6 குழந்தைகள் உட்பட 15 பேரின் உடல்கள் மீட்கப்பட்டன. சந்தேகப்பட்டுத் தகவல் கொடுத்தவர்கள் அந்த ஊர் முஸ்லிம்களே என்பதை அவசியம் சொல்லுங்கள். ஆனால் இதைக் கடற்கரையிலேயே நிறுத்திச் சொல்லி முடியுங்கள். வீட்டுத்திட்டத்துக்குள் கூட்டத்தை அழைத்துப்போக வேண்டாம். அங்கே குடும்பங்கள் வாழ்கின்றன.

காரைதீவில் சுவாமி விபுலாநந்தர் பிறந்த இடத்தைப் பார்த்து, ஒரு பிளேன்டீ குடித்துவிட்டு வேனில் ஏறுங்கள்.

வீரமுனை

சம்மாந்துறையை ஒட்டிய ஊர். சிந்தாயாத்திரைப் பிள்ளையார் கோயிலுக்கு உச்சிப்பூசை முடிந்து நடை சாத்துமுன் போய்ச் சேர வேண்டும். 1990 ஜூன் முதலே சுற்றுவட்டாரத் தமிழர்கள் இங்கே அகதிகளாக இருந்தார்கள். ஓகஸ்ட் 12 அன்று கொல்லப்பட்டவர்கள் 55 பேர் என ஊர் ஆண்டுதோறும் நினைவுகூர்கிறது. முஸ்லிம் ஊர்காவல் படையினரையும் விசேட அதிரடிப்படையினரையும் ஊரவர்கள் குற்றஞ்சாட்டுகிறார்கள். இதைச் சொல்ல வேண்டியவர் முஸ்லிம் வழிகாட்டி. சொல்லி முடித்ததும் விளக்கம், நியாயம், "ஆனால்" எதுவும் சேர்க்காமல் நிறுத்திக்கொள்ள வேண்டும். "ஒன்பது நாளைக்கு முதல் காத்தான்குடியில்..." என்று வாய் வரை வரும். அதை மாலையில் காத்தான்குடியிலேயே சொல்லலாம்.

கோயிலில் யாராவது ஒரு அம்மா பேச முன்வந்தால் கேள்வி கேட்காமல் கேளுங்கள். ஒலிப்பதிவு செய்ய வேண்டாம். படம் எடுப்பதானால் கட்டடத்தை மட்டும் எடுங்கள்.

பகல்: கல்முனை

சாப்பாட்டுக்கும் லுஹருக்கும் கல்முனைக்குத் திரும்புங்கள். அந்தத் துயரத்தில் இந்த நகரத்துக்கும் பங்கு உண்டு. 1990 ஜூன் 11 அன்று கல்முனை உட்படக் கிழக்கின் பொலிஸ் நிலையங்களில் இருந்தவர்கள் மேலிட உத்தரவின்படி புலிகளிடம் சரணடைந்தார்கள். திருக்கோவில் பக்கம் ரூபஸ்குளத்துக்குக் கொண்டுபோய்ச் சுடப்பட்டவர்களின் தொகை 600 வரை என்று சொல்லப்படுகிறது. சிங்களவர்களோடு முஸ்லிம்களும் அவர்களில் இருந்தார்கள். அதே மாதத்தில் இராணுவம் நகரத்தைத் திரும்பப் பிடித்தபோது தமிழ்ப் பொதுமக்கள் பலர் கொல்லப்பட்டதை மனித உரிமைகளுக்கான பல்கலைக்கழக ஆசிரியர்கள் அமைப்பு பதிவு செய்திருக்கிறது. இரண்டையும் ஒரு மண்டபத்தில் உட்கார வைத்து ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்லுங்கள். பொலிஸ் நிலைய வாசலில் கூட்டமாக நிற்க வேண்டாம்.

குருக்கள்மடம்

மட்டக்களப்பு வீதியில் களுவாஞ்சிக்குடியைத் தாண்டியதும் வேனை ஓரமாக நிறுத்துங்கள். 1990 ஜூலையில் இந்த வீதியால் காத்தான்குடிக்குத் திரும்பிக்கொண்டிருந்த முஸ்லிம் பயணிகளை, ஹஜ்ஜை முடித்து வந்தவர்களும் அவர்களில் இருந்தார்கள், புலிகள் இறக்கிக் கொண்டுபோய்க் கொன்றார்கள். புதைகுழியைத் தோண்ட வேண்டும் என்ற கோரிக்கை 2014இல் களுவாஞ்சிக்குடி நீதிமன்றம் வரை போனது. ஜனாஸாத் தொழுகை இல்லாமல் புதைக்கப்பட்ட வாப்பாமாருக்காகப் பிள்ளைகள் இத்தனை வருடங்கள் காத்திருக்கிறார்கள். வீதியோரத்தில் பார்ப்பதற்கு ஒன்றுமில்லை என்று இந்த இடத்தைத் தவிர்த்துவிடாதீர்கள். ஐந்து நிமிடம் போதும். வாகனங்கள் வேகமாக வரும் வீதி, பிள்ளைகளை வீதியோரப் பக்கமே இறக்குங்கள்.

மாலை: காத்தான்குடி

அஸர் தொழுகை முடிந்து ஆட்கள் கலைந்த பிறகு உள்ளே போங்கள். மீரா ஜும்ஆப் பள்ளிவாசல், ஹுஸைனிய்யாப் பள்ளிவாசல், இரண்டையும் நடந்தே பார்க்கலாம். ஆண்கள் கால் மூடிய உடை, பெண்கள் தலையை மூடும் துணி. இங்கே பேசுபவர் தமிழ் வழிகாட்டி.

மீரா பள்ளியின் சுவரில் சன்னம் துளைத்த இடங்களைப் பூசி மறைக்காமல் விட்டிருக்கிறார்கள். ஹிரோஷிமாவில் அணுகுண்டில் சிதைந்த கட்டடத்தை அப்படியே நிற்க விட்டிருப்பதும் இதே நோக்கத்தில்தான். முதலில் யாரும் பேச வேண்டாம். ஒவ்வொருவராக நெருங்கி, துளைகள் எந்தெந்த உயரத்தில் இருக்கின்றன என்று மட்டும் பார்க்கட்டும். பிறகு ஒரு பிள்ளையை ஸப்பில் (தொழுகை வரிசையில்) நிற்பதுபோல் நிற்கவும், ஸுஜூதுக்குப் போகவும் சொல்லுங்கள். நிர்வாகம் சம்மதித்தால் மட்டும். வழிகாட்டி எத்தனை வார்த்தை சொன்னாலும் விளங்காதது அப்போது விளங்கும். பின் ஸப்பில் நின்றவர்களுள் சிறுவர்களும் இருந்தார்கள் என்பதை அதற்குப் பிறகு சொன்னால் போதும். அன்று கொல்லப்பட்டவர்களை ஊரவர்கள் சுஹதாக்கள் (உயிர்த்தியாகிகள்) என்பார்கள். ஓகஸ்ட் 3 அவர்களின் நாள். அந்த நாளிலேயே போக விரும்பினால், பார்வையாளர்களாக இல்லாமல் துஆவில் கலந்துகொள்பவர்களாகப் போங்கள்.

வெளிச்சம் இருக்கும்போதே மட்டக்களப்பு காந்திப் பூங்காவுக்குப் போய்விடலாம். 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறன்று சீயோன் தேவாலயக் குண்டுவெடிப்பில் கொல்லப்பட்டவர்களின் நினைவுத் தூபி அங்கே இருக்கிறது. இறந்தவர்களில் பலர் ஞாயிறு வகுப்புக்கு வந்திருந்த குழந்தைகள். குண்டைக் கட்டிக்கொண்டு போனவன் காத்தான்குடிக்காரன். இதையும் முஸ்லிம் வழிகாட்டியே சொல்ல வேண்டும்.

திரும்பிய பின்

வேனில் வரும்போது "என்ன நினைக்கிறீர்கள்" என்று கேட்டுப் பிள்ளைகளைத் துளைக்க வேண்டாம். தூங்கட்டும். அடுத்த கிழமை கூப்பிட்டு, காலையில் சேர்ந்து நடந்த அதே சோடிகளாக உட்கார வைத்து, தங்களுக்குத் தெரியாமல் இருந்த ஒன்றை எழுதச் சொல்லுங்கள். வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு அதில் ஒரு வரி சேர்த்துக்கொண்டு வரட்டும். சில வீடுகளில் அதட்டல் விழும். பெற்றோருக்கு முன்கூட்டியே ஒரு கடிதம் அனுப்பியிருந்தால் அது குறையும். எழுதியவற்றின் பிரதியை வீரமுனைக் கோயில் சபைக்கும் காத்தான்குடிப் பள்ளி நிர்வாகத்துக்கும் அனுப்புங்கள், இரண்டு இடங்களைப் பற்றி எழுதியதையும் ஒரே உறையில் வைத்து. வீரமுனைக்குக் காத்தான்குடியைப் பற்றிப் பிள்ளைகள் எழுதியதும், காத்தான்குடிக்கு வீரமுனையைப் பற்றி எழுதியதும் போய்ச் சேர வேண்டும். அடுத்த வருட அனுமதியை அதோடு வைக்கும் கடிதத்திலேயே கேட்டுவிடலாம்.