சந்தனமும் அம்மையும்

ஈரோடு மாவட்டத்தின் வடபால் பரந்து கிடக்கும் சத்தியமங்கலக் காடுகளில் இயற்கையாக வளரும் மரங்களுள் சந்தனமும் ஒன்று. பார்வைக்கு எளிய மரம், பூவில் மணமில்லை, வெளிறு எனப்படும் புறக்கட்டையிலும் மணமில்லை. உள்ளே முதிர்ந்த வைரத்திலேயே நறுமணம் தங்கியிருக்கிறது. அண்டையிலுள்ள செடிகொடிகளின் வேர்களோடு தன் வேரைப் பிணைத்து, நீரையும் உப்புகளையும் உறிஞ்சி வாழ்வது இதன் இயல்பு. கடன் வாங்கி மணம் பரப்பும் மரம் எனலாம்!

பண்டு கொங்கு நாட்டுச் சிற்றூர்களில் ஒருவருக்கு அம்மை கண்டால், நோய் என்று சொல்லமாட்டார்கள். "ஆத்தா வந்திருக்கிறாள்" என்பர். வாயிலில் வேப்பிலை செருகுவர். காட்டோரத்தில் கோயில் கொண்ட பண்ணாரி அம்மனை வேண்டிக்கொள்வர். நோயாளிக்கு இளநீரும் மோரும் கூழும் கொடுப்பர். கொப்புளங்கள் எரியும்போது, சந்தனக் கட்டையைக் கல்லில் நீர்விட்டு இழைத்துப் பூசுவர். முத்துகள் உதிர்ந்தபின் மஞ்சளும் வேப்பிலையும் இட்ட நீரைத் தலைக்கு ஊற்றுவர்.

இவ்வழக்கத்தைப் பயனற்றதென்று தள்ளிவிடல் ஆகாது. ஈரச் சந்தனம் உலரும்போது உடல் வெப்பத்தை ஈர்த்துக்கொள்ளுதலின் தோல் குளிர்கிறது. அரிப்புத் தணிந்தால் நோயாளி சொறியமாட்டார். சொறியாவிடில் புண்ணும் தழும்பும் குறையும். வேப்பிலை கண்ட வீட்டிற்குப் பிறர் செல்லத் தயங்கியதும் ஒருவகைக் காப்பே.

ஆயினும், தணித்தல் வேறு, தீர்த்தல் வேறு. அம்மையை உண்டாக்கும் வைரஸ் உடலின் உயிரணுக்களுக்குள் புகுந்து பெருகுவது. தோலின்மேல் பூசிய சாந்து அதனை அழிக்க வல்லதன்று. கொடிய பெரியம்மை கண்டோரில் ஏறத்தாழப் பத்துக்கு மூவர் மாண்டனர். சந்தனம் இழைத்த வீட்டிலும் அது உயிர்களைக் கொண்டுபோயிற்று. பிழைத்தோர் பலர் முகத்தழும்போடும், சிலர் பார்வையிழந்தும் வாழ்ந்தனர். அதனை ஒழித்தது அம்மைப்பால். எட்வர்டு ஜென்னர் என்னும் ஆங்கில மருத்துவர் 1796 ஆம் ஆண்டில் கண்ட அம்முறை, 1802 இல் இந்தியாவிற்கு வந்தது. எனினும், நம் நாட்டின் இறுதிப் பெரியம்மை 1975 இல்தான் நிகழ்ந்தது. 1980 இல் உலகமே அந்நோயினின்று விடுபட்டதாக உலக நலவாழ்வு நிறுவனம் அறிவித்தது.

சந்தன எண்ணெயைப் பற்றிய ஆராய்ச்சியும் உண்டு. அக்கி வகையைச் சேர்ந்த ஹெர்ப்பீஸ் வைரஸ் பெருகுவதை அவ்வெண்ணெய் தடுத்ததாக 1999 இல் வெளியான ஓர் ஆய்வு கூறுகிறது. அது ஆய்வுக்கூடத்தில் வளர்த்த உயிரணுக்களில் கண்ட பயன். அதனை மனித உடலுக்கு அப்படியே பொருத்திக் கூறுதல் இயலாது.

சின்னம்மை இன்றும் வருகிறது. அதற்கும் தடுப்பூசி உண்டு. நோய் கண்டபின் அரிப்புக்குச் சந்தனம் பூசுவோர், தூய கல்லில் தூய நீர்விட்டு இழைத்து, உடைந்த கொப்புளங்களை விலக்கிப் பூசவேண்டும். மூச்சுத் திணறலோ, மயக்கமோ, தணியாத காய்ச்சலோ கண்டால், தலைக்கு நீர் ஊற்றும் நாள்வரை காத்திராமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லவேண்டும்.